மகாகஸ்தோட்டை மலையேற்றமும் ஒரு பின்சட்டத்தின் கதையும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குக் கொழும்பு நகரமே ஏறி வந்துவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக் கரையில் கூட்டம், அதற்கிடையே தேயிலை மலைகளில் எதிரொலிக்கும் கார்ப் பந்தய எஞ்சின்களின் முழக்கம். இளம் நிருபனாக அந்தப் பருவத்தைப் பற்றி எழுத அனுப்பப்பட்ட நாளில், வெற்றி பெற்றவரின் பெயரும் அவர் எடுத்துக்கொண்ட நேரமும் தெரிந்தால் செய்தி முடிந்தது என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தவர் பந்தயம் ஓடியவர் அல்லர். மைதானத்தின் ஓரத்தில், மழைத் தூறலில் சாக்கு விரித்து ஒரு மினி காரின் அடியில் படுத்திருந்த பாஸ் ஒருவர். கைத்தொழில் தெரிந்த மேஸ்திரியை இலங்கையில் எல்லோரும் ‘பாஸ்’ என்றுதான் அழைப்பார்கள்.

காரின் பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. “எஞ்சினில் என்ன கோளாறு, பாஸ்?” என்று கேட்டேன். அவர் வெளியே தலையை நீட்டி, “எஞ்சின் நல்லாத்தாங்க இழுக்குது. இழுக்கிறத ஒடம்பு தாங்கணும்ல, தம்பி” என்றார். கையிலிருந்த விளக்கைப் பிடித்துக் காட்டினார். தகட்டில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அன்று நான் எழுதிய செய்தியில் அந்த வெடிப்புக்கு இடமில்லை. அந்தக் கடனை இப்போது தீர்க்கிறேன்.

அவர் காட்டிய இடம் பின்சட்டம். ‘சப்ஃபிரேம்’ என்று கராஜ்களில் சொல்வார்கள். காரின் உடல் முழுதும் மெல்லிய இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்து ஒட்டிய ஒரு பெட்டி. சக்கரங்களின் கைகள், அதிர்வுதாங்கிகள் ஆகியவற்றிலிருந்து வரும் அடியை அந்த மெல்லிய பெட்டி நேரடியாக வாங்கினால் விரைவில் கிழிந்துபோகும். ஆகவே தடித்த இரும்பில் தனியே ஒரு சட்டம் செய்து, சக்கரங்களின் உறுப்புகளை அதில் பூட்டி, அந்தச் சட்டத்தை உடலின் சில உறுதியான இடங்களில் மட்டும் முடுக்கிவிடுகிறார்கள். வாங்குபவர் பார்க்க முடியாத இடத்தில் அது இருக்கிறது. விளம்பரங்களில் அதன் படம் வருவதில்லை.

பந்தயத்தின் கதைக்கு முன் சாலையின் கதையைச் சொல்லியாக வேண்டும். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துவிட, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. கொழுந்து பறித்த அன்றே தொழிற்சாலைக்குச் சேர வேண்டும். பெட்டியில் அடைத்த தேயிலை ரயிலடிக்குப் போக வேண்டும். ரயில் 1885இல் நானுஓயாவை எட்டியது. அந்த ரயிலடிகளை நோக்கித் தோட்டங்களிலிருந்து வண்டிப்பாதைகள் இறங்கின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் கைகளே கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு அவற்றை மலையில் செதுக்கின. சுமை வண்டிக்காக வெட்டிய பாதையாதலால் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளே பிற்காலத்தில் பந்தயக்காரர்களுக்கு இனித்தன.

மலையேற்றப் பந்தயம் என்பது பலர் கூடி ஓடும் பந்தயம் அன்று. ஒரு நேரத்தில் ஒரு கார். மலையடியில் புறப்பட்டு உச்சிக் கோட்டைத் தொடும் வரை கடிகாரத்தோடு போட்டி. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷில் 1905 முதல் நடக்கும் பந்தயம் இவ்வகையில் புகழ் பெற்றது. அந்த மரபைத் தோட்டத் துரைமார் இங்கே கொண்டுவந்தனர். நுவரெலியா மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தினூடே செல்லும் சாலையில் 1934இல் முதல் மலையேற்றம் நடந்தது. இலங்கையின் மோட்டார்ப் பந்தயங்களில் மிகப் பழமையானதாக அதையே சொல்கிறார்கள்.

அந்தச் சாலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு கார் 1959 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி. 10 அடி நீளம், 10 அங்குலச் சக்கரம், 848 சி.சி. எஞ்சின், முன்சக்கர இயக்கம். இதன் தொடக்கக் கதையில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதலில் செய்த மாதிரி வண்டிகளில் முன்னும் பின்னும் துணைச் சட்டங்கள் இல்லை. சக்கரங்களின் சுமையை உடல் தாங்காது என்று கண்ட பின்னரே விற்பனைக்கு வந்த காரில் அவற்றைச் சேர்த்தார்கள். அலெக்ஸ் மோல்டன் வகுத்த ரப்பர்க் கூம்புகள் வில்லுக்குப் பதிலாக அமைந்தன. பின்பக்கக் கூம்புகள் பின்சட்டத்துக்குள்ளேயே படுத்திருந்தன. ஆக, பின்சக்கரம் குழியில் விழும் ஒவ்வொரு அடியையும் அந்தச் சட்டமே வாங்கியது. பெட்டிபோன்ற அதன் உட்புறத்தில் சேறும் நீரும் தங்கும். ஈரம் விலகாத நுவரெலியாவில் துருவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. உள்ளே துரு அரித்த சட்டம், வெளியே சாயம் பூசிய அழகு. அந்தக் காரைப் பந்தயத்துக்கு விரட்டினால் பாஸ் காட்டிய வெடிப்பு வராமல் என்ன செய்யும்?

மினி கூப்பர் மாண்டி கார்லோ பந்தயத்தை முதன்முதலாக வென்றது 1964 ஜனவரியில். உலகெங்கும் சின்னக் காரின் புகழ் பரவிய ஆண்டு அது. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி வேறொரு காரியம் நடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1947 தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமானைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி நுவரெலியா. மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களையே நாடற்றவராக்கியது.

பந்தயச் சாலையின் மேட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று கைதட்டிய லயத்து மக்களில் எத்தனை பேருக்கு அன்று ஒரு நாடு இருந்தது? சாலையை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். தமிழில் ‘சட்டம்’ என்ற ஒரே சொல் தாங்கும் சட்டத்தையும் ஆளும் சட்டத்தையும் குறிப்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இரண்டும் சுமை தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இற்றுப்போனால் இரண்டும் ஒரேவிதமாகத்தான் கைவிடும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. புதிய கார் கனவு, உதிரிப்பாகமும் கனவு. மலையகக் கராஜ்களின் கைத்திறன் அந்த நெருக்கடியில்தான் பக்குவப்பட்டது. புதுப் பின்சட்டம் கிடைக்காதபோது பழையதைப் பலப்படுத்துவதே வழி. நான் கண்ட பாஸ் அன்று சொல்லிக்கொடுத்தவற்றை இன்றும் பொறியியல் தெரிந்தவர் எவரும் மறுக்க மாட்டார். வெடிப்பின் மேல் அப்படியே ஒட்டு வைக்கக் கூடாது. வெடிப்பு எங்கே முடிகிறதோ அந்த முனையில் சிறு துளை இட வேண்டும். இல்லாவிடில் ஒட்டுக்கு அடியிலேயே அது மேலும் ஓடும். துருவை வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்ட வேண்டும். மேலே வைக்கும் தகட்டின் மூலைகளை உருட்டிவிட வேண்டும், ஏனெனில் கூர் மூலையில்தான் அடுத்த வெடிப்புப் பிறக்கும். தகடு வெற்றிடத்தின் நடுவில் முடியாமல், உறுதியான ஒரு மடிப்பு வரை போய்ச் சேர வேண்டும். ஒரே மூச்சில் ஒட்டாமல், இங்கே ஒரு விரற்கடை, அங்கே ஒரு விரற்கடை என்று மாறி மாறி ஒட்டினால்தான் சூட்டில் சட்டம் கோணாது. எல்லாம் முடிந்தபின் உட்புறத்துக்கும் சாயமோ மெழுகோ போக வேண்டும்.

“பலப்படுத்துறதுன்னா கெட்டியாக்குறது இல்லீங்க. பாரத்தப் பிரிச்சுக் குடுக்குறது” என்றார் அவர்.

1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிலிருந்து பாவித்த கார்கள் வந்து குவிந்தன. மலையேற்றத்தில் மினிகளோடு ஹொண்டா சிவிக்குகளும் மிட்சுபிஷி லான்சர்களும் சீறின. 1991க்கும் 2000க்கும் இடையில் வெளிவந்த இரு தலைமுறை சிவிக் கார்கள் உலகெங்கும் இளைஞர்களின் செல்லம். ஆனால் முன்சக்கர இயக்கமுள்ள எந்தக் காரும் கொண்டை ஊசி வளைவில் மூக்கை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகும். அதைத் திருத்தப் பின்பக்கம் தடித்த உருள்தடுப்புத் தண்டு போடுவார்கள். வளைவில் கார் ஒருபக்கமாகச் சாய்வதைத் தடுக்கும் முறுக்குக் கம்பி அது. பின்புறம் விறைத்தால் கார் எளிதாகத் திரும்பும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. முறுக்கை எதிர்க்கும் வலு, தண்டின் குறுக்களவின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். 13 மில்லிமீட்டர் தண்டைக் கழற்றி 22 மில்லிமீட்டர் தண்டைப் பூட்டினால், பார்வைக்கு இருமடங்குகூட இல்லை. விறைப்போ எட்டு மடங்கு. எட்டு மடங்கு பிடிவாதத்தோடு அது இழுப்பது எதை? பழைய மெல்லிய தண்டுக்காகக் கணக்கிட்டுச் செய்த அதே தகட்டை. சிவிக்கின் பின்சட்டத்தில் தண்டின் பிடிகள் இருக்கும் இடம் கிழிந்து தொங்கும் படங்களைப் பார்த்தவர்கள் பலர். மருந்து பழையதுதான்: சட்டத்தின் அடியில் குறுக்கே ஓர் உறுதியான தாங்கியை வைத்து, சக்கரக் கைகளின் பெரிய ஆணிகளோடு இணைத்து, பாரத்தைப் பிரித்துக் கொடுப்பது.

இது மலிவான கார்களுக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ண வேண்டாம். 1998இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஈ-46 வகைக் கார்களில் பின்சட்டம் முடுக்கிய தரைத்தகடே வெடித்தது பெரும் பிரச்சினையாயிற்று. அங்கும் உடலைப் பிரித்துத் தகடு வைத்து ஒட்டுவதே நிலைத்த தீர்வாக இருந்தது. ஜெர்மனியில் செய்ததற்கும் ஹட்டனில் செய்வதற்கும் இரும்பு வேறு நியாயம் பேசுவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட 5 ஆண்டுகளில் பழைய கார்களுக்கு வயது கூடியது, விலையும் கூடியது. அவற்றின் அடிப்பாகத்துக்கு மட்டும் யாரும் புது வயது கொடுத்துவிடவில்லை. எஞ்சினில் லட்சங்களைக் கொட்டும் இளைஞர்கள் அடியில் படுத்து விளக்கைப் பிடித்துப் பார்க்கச் சோம்பல்படுவதை இன்றும் காண்கிறேன்.

மலைச் சாலை இதை மன்னிப்பதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ராதல்லைச் சரிவில், சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பேருந்து வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் மாண்டனர். 2024 ஏப்ரல் 21ஆம் தேதி தியத்தலாவைப் பந்தயத்தில் ஒரு கார் தடம் விலகிக் கூட்டத்தில் பாய்ந்தது. அங்கும் 7 உயிர்கள். அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. இவ்விபத்துகளுக்கும் பின்சட்டத்துக்கும் முடிச்சுப் போடுவது என் நோக்கமன்று. தாங்கும் உறுப்பு கைவிட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் ஓட்டுநர் மட்டும் அல்லர், மேட்டில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் வீட்டுக்கு நடந்து போகிறவரும் கொடுக்கிறார்கள் என்பதற்காகவே சொன்னேன். மலையகத்தில் அப்படி நிற்பவர்களும் நடப்பவர்களும் பெரும்பாலும் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முடிவு கட்டியது. 1948இல் விழுந்த வெடிப்பை ஒட்ட 55 ஆண்டுகள் ஆயின. இடையில் பல லட்சம் பேர் கப்பலேறிப் போய்விட்டனர். லயங்களின் கூரைகளும் காணியுரிமையும் இன்னும் பலப்படுத்தப்படாத இடங்களாகவே நிற்கின்றன.

அந்த மினி அன்று பந்தயத்தில் எத்தனையாவது வந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. மேலே போன கார் முழுதாகக் கீழே இறங்கி வந்தது நினைவிருக்கிறது. சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பரிசளிப்பைப் பார்க்க நிற்காமல், கடைசிப் பேருந்தைப் பிடிக்க அந்தப் பாஸ் விரைந்து நடந்ததும் நினைவிருக்கிறது. அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் விட்டது என் தொழிலில் நான் செய்த பிழைகளுள் ஒன்று.