கரிசல் வீட்டுச் சுவரில் ஒரு குளம்

அருப்புக்கோட்டையில் புதுமனை புகுந்த நண்பர் ஒருவரின் வரவேற்பறையில் கிளாட் மோனேயின் அல்லிக்குளத்தைக் கண்டேன். இணையத்தில் வாங்கிய அக்ரிலிக் அச்சு. தெளிந்த பலகையின் பின்புறம் படம் பதிந்திருந்ததால் தண்ணீர் ஈரத்தோடு மின்னுவதாகத் தோன்றியது. சன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலம் மண்டிய மானாவாரி நிலம். ஊருக்குப் பொருந்தாத படம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் கரிசல் வீடுகள் அச்சிட்ட தண்ணீரைச் சுவரில் மாட்டத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு ஆகிறது.

அந்த வரலாற்றில் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருச்சுழியில் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் சிலகாலம் தங்கியவர். பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக நாடெங்கும் அனுப்பின. வணங்கியவர்கள் தெய்வத்தைப் பார்த்தனர்; பின்னணியைக் கவனித்தவர் குறைவு. பனிமலை, அருவி, தாமரைத் தடாகம், பசும்புல்வெளி என நாடகத் திரையிலிருந்து இறங்கி வந்த நிலம் அது. அத்திரைகளோ ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின் சாயல் கொண்டவை. ஆக, மோனே வருவதற்கு முன்பே அவருடைய கண்டத்து நிலம் முருகனின் மயிலுக்குப் பின்னால் நின்றபடி நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

மோனேயின் குளத்துக்கும் ஒரு கதை உண்டு. 1893இல் ஜிவெர்னி கிராமத்தில் எப்த் ஆற்றின் கிளையோடையிலிருந்து நீரெடுத்துக் குளம் அமைக்க அவர் அனுமதி கோரினார். அயல்நாட்டுச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஊரார் எதிர்த்தனர். அரசு அனுமதி கிடைத்த பின்னரே குளம் உருவானது. கண்மாய் மடைக்காக வழக்காடிய ஊர்களில் பிறந்த நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல. 1926இல் இறக்கும்வரை அந்தக் குளத்தை ஏறக்குறைய 250 ஓவியங்களில் வரைந்தார். வீட்டருகே இருந்ததையே விடாமல் பார்த்தார் என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டியது.

கரிசலை எழுத கி. ராஜநாராயணன் வாய்த்தார். சுவரில் மாட்டும் படமாக அதை எந்த வீட்டிலும் நான் கண்டதில்லை. இதைச் சொன்னபோது நண்பரின் தாயார் சிரித்தார்: “அதத்தான் நாள் பூரா பாக்கோமே தம்பி. இதப் பாத்தா குளுமையா இருக்கு.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஐப்பசி மழையில் கண்மாய் நிறையும் ஆண்டுகளில் இங்கும் அல்லி பூக்கிறது. சில வாரங்களே இருக்கும் அந்தக் குளுமையை வரைந்து வைக்க ஒருவர் வர வேண்டும்.