ஆகாயக் கண்: படமெடுக்கும் டிரோன்களைத் தேர்வது எவ்வாறு?

பறவையின் பார்வையில் தன் ஊரைக் காணவேண்டுமென்னும் ஆசை மனிதனுக்குப் பழமையானது. அவ்வாசை நிறைவேறிய காலத்திலோ, அதன் பயன் பெரிதும் போய்ச் சேர்ந்தது படைத்தலைவர்களுக்கும் ஆட்சியாளர்களுக்குமேயாம். இன்று அம்பாங்கில் மாதச் சம்பளத்தில் வாழும் ஓர் இளைஞன் தன் சேமிப்பைக் கொண்டு அக்கண்ணை விலைக்கு வாங்கலாம். ஆயின், கைக்கு எட்டியது கருத்துக்கு எட்டாவிடின் காசு வீணாகும். ஆதலின் இக்கருவி வந்த வழியைச் சுருங்கக் கூறி, வாங்குவோர் அதனின்று கற்கவேண்டுவனவற்றை ஆராய்வோம்.

1858-ஆம் ஆண்டில் நதார் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் அருகே பலூனில் ஏறி, முதன்முதல் வானிலிருந்து படம் எடுத்தார். அப்படம் இன்று கிடைத்திலது. 1860-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்த படமே எஞ்சியுள்ளவற்றுள் பழமையானது. 1888-இல் ஆர்தர் பதூ பட்டத்தில் படக்கருவியைக் கட்டிப் பறக்கவிட்டார். பின்னர் ஜெர்மானிய மருந்து வணிகரான நாய்ப்ரொன்னர் புறாவின் மார்பில் சிறு கருவியொன்றைப் பூட்டினார். இவர்களுக்கெல்லாம் இருந்த இடையூறு ஒன்றே: மேலே செல்லும் பொருள் பளுவாகவும் கூடாது, ஆடவும் கூடாது. இன்று கடையில் நின்று தேர்வோரும் முதலில் நோக்கவேண்டுவது இதனையே.

1914-ஆம் ஆண்டின் உலக யுத்தம் இவ்வித்தையை ஆயுதமாக்கிற்று. நம் மலாயாவிலும் அவ்வாறே. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின், தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்த அந்நாட்களில், பிரிட்டிஷ் விமானப்படை காடுகளை மேலிருந்து படமெடுத்து வந்தது. ஸ்பிட்பயர் விமானம் அப்படைக்காகச் செய்த கடைசிப் போர்ப்பணி, 1954 ஏப்ரல் 1-ஆம் நாள் ஜொகூர்க் காட்டைப் படமெடுத்ததேயாகும். மேலிருந்து பார்த்தவன் துரை, பார்க்கப்பட்டவன் பாட்டாளி. இந்நிலை மாற அறுபது ஆண்டுகள் ஆயின.

2010-இல் பாரட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் கைப்பேசியால் இயக்கும் சிறு டிரோனைக் காட்டியது. 2013-இல் சீனத்து டிஜேஐ நிறுவனம் பேண்டம் என்பதை விற்பனைக்கு விட்டது. அதற்குப் படக்கருவியைத் தனியே வாங்கி மாட்டவேண்டும். மறு ஆண்டில் வந்த பேண்டம் 2 விஷன் பிளஸ், படக்கருவியுடன் மூவச்சுத் தாங்கியையும் கொண்டிருந்தது. கிம்பல் எனப்படும் அத்தாங்கி, டிரோன் எப்பக்கம் சாய்ந்தாலும் மோட்டார்களால் படக்கருவியை எதிர்ப்பக்கம் திருப்பி நிலைநிறுத்தும். படத்தின் ஆட்டம் அடங்கியது இதனாலன்றோ? பளுவும் குறைந்தது. 2016-இல் மடக்கக்கூடிய மேவிக் புரோ 743 கிராம். 2019-இல் மேவிக் மினி 249 கிராம்.

இவ்வளர்ச்சியினூடே ஏமாற்றங்களும் உண்டு. லில்லி என்னும் டிரோனைக் கையால் எறிந்தால் போதும், தானே பின்தொடர்ந்து படமெடுக்குமென்று 2015-இல் விளம்பரம் செய்தனர். சுமார் 60,000 பேர் முன்பணம் கட்டினர். ஒரு கருவியும் வாடிக்கையாளர் கைக்கு வராமலே 2017 ஜனவரியில் அந்நிறுவனம் மூடப்பட்டது. புகழ்பெற்ற கோப்ரோ நிறுவனத்தின் கர்மாவோ, பறக்கும்போதே மின்சாரம் அற்று விழுந்தமையால் 2016 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2018-இல் அந்நிறுவனம் டிரோன் தொழிலையே கைவிட்டது. எனவே விளம்பரப் படத்தையும் பெரும்பெயரையும் நம்பிப் பணம் கொடாதீர். அக்கருவி கடையில் உள்ளதா, பழுதுபார்ப்பார் கோலாலம்பூரில் உளரா, மாற்று மின்கலமும் இறக்கையும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இனித் தெரிவுக்கு வருவோம். மலிவான விளையாட்டுப் பொருள்களின் பெட்டிமேல் 4கே, 8கே என்று அச்சிட்டிருப்பர். கிம்பல் இல்லாத கருவியில் எண் எவ்வளவு பெரிதாயினும் படம் நடுங்கும். எண்ணைவிட முக்கியமானது ஒளியை வாங்கும் உணரியின் பரப்பு. அது பெரிதாயின் அந்திப்பொழுதிலும் படம் தெளிவுறும். 2021-இல் வந்த ஏர் 2எஸ் ஓரங்குல உணரியுடையது, ஆனால் 595 கிராம். காற்றை நன்கு தாங்கும், விலையும் மிகும். பகலில் குடும்பநிகழ்ச்சியும் ஊர்க்காட்சியும் எடுப்போர்க்கு 249 கிராம் வகையே போதும். பெரியதொன்றை வாங்கி ஒரே மின்கலத்துடன் தவிப்பதினும், சிறியதொன்றை மூன்று மின்கலங்களுடன் வாங்குவது மேல்.

அம்பாங்கின் நிலமும் இதில் பேசவேண்டும். 1857-இல் 87 சீனத் தொழிலாளர் காட்டுவழி நடந்துவந்து ஈய லம்பம் தொடங்கிய இவ்வூர், இன்று குன்றுகளின்மேல் அடுக்குமாடிகள் நிற்கும் ஊர். டிரோன் காட்டும் உயரம் பெரும்பாலும் அது புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. அடிவாரத்திலிருந்து குன்றை நோக்கிச் செலுத்தினால், எண் மாறாதிருக்கவே தரை நெருங்கிவரும்! ஆகவே மேட்டுநிலத்தார்க்குத் தடையுணர் கருவி உடையதே நலம்.

சட்டமும் உண்டு. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுச் சிவில் விமான விதிகள் அனுமதியின்றி 400 அடிக்கு மேல் செல்வதையும், பிறர்க்கு 50 மீட்டருக்குள் நெருங்கிப் படமெடுப்பதையும், ஆயிரவர் கூடிய கூட்டத்தருகே பறப்பதையும் தடுக்கின்றன. 250 கிராமுக்குக் குறைந்தால் பதிவு வேண்டாமென்பது அமெரிக்கப் பொழுதுபோக்காளர்க்குரிய சலுகை. நமக்கு அது விலக்குச் சீட்டாகாது. பறக்குமுன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தைக் கேட்டறிக.

1993 டிசம்பர் 11-இல் இவ்வட்டாரத்து ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 உயிர்கள் மாண்டதை யார் மறப்பர்? மேலே குன்றில் நீர் போன வழியைக் கீழே குடியிருந்தோர் எங்ஙனம் காண்பர்? இன்று காணலாம். அவ்வாறே, பால்மரம் வீழ்ந்து வீடமைப்பு எழுமுன் எஞ்சிய லயத்தையும் பள்ளியையும் கோயிலையும் நாமே படமெடுத்து வைக்கலாம். நம் ஊரின் படத்தை நெடுங்காலம் பிறர் எடுத்தனர். இனி நாம் எடுப்போம். நண்பர் நால்வர் பணம் சேர்த்து ஒன்று வாங்கினும் போதும்.