அடுத்த கோச் யாரு? 291 விண்ணப்பங்களும் ஒரு பள்ளி ஆசிரியரும்

எங்க சித்தப்பா பாரீஸ் பக்கம் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. கோட்டுச்சேரிக்கு ஃபோன் போட்டால் முதலில் மழை பெய்ததா என்று கேட்பார், அடுத்து கால்பந்துக்கு வந்துவிடுவார். பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் தெஷாம், 2026 உலகக் கோப்பையோடு விலகுவதாக 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அதிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரே பேச்சு, ஜிதான் வருவாரா மாட்டாரா என்பதுதான். போன தடவை திடீரென்று, "ஏன்டா தம்பி, உங்க இந்தியா டீமுக்கு இப்ப யாரு கோச்?" என்று கேட்டார். "காலித் ஜமீல்" என்றேன். "அதுக்கு முன்னாடி?" என்றார். சொன்னேன். "அதுக்கும் முன்னாடி?" என்று போய்க்கொண்டே இருந்தது.

ஃபோனை வைத்தபிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெஷாம் பொறுப்புக்கு வந்தது 2012. அதே 2012-இல்தான் இந்தியாவுக்கு டச்சுக்காரர் விம் கோவர்மன்ஸ் வந்தார். அவருக்குப் பிறகு 2015-இல் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் (இரண்டாவது தடவையாக), 2019-இல் இகோர் ஸ்டிமாக், 2024-இல் மனோலோ மார்க்கேஸ், 2025-இல் காலித் ஜமீல். அங்கே ஒருவர் இருந்த காலத்தில் இங்கே ஐந்து பேர். உடனே "பாத்தீங்களா, நம்மாளுங்களுக்குப் பொறுமை இல்லை" என்று முடித்துவிடலாம். தெஷாம் ஜெயித்ததால் இருந்தார், நம்மவர்கள் தோற்றதால் போனார்கள் என்றும் சொல்லலாம். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. எனக்கு வேறொரு கேள்வி: தேர்ந்தெடுக்கும்போது என்னத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2019-ஐ எடுத்துக்கொள்வோம். கடைசிச் சுற்றுக்கு நாலு பேர்: ஸ்டிமாக், ஸ்பெயின்காரர் ஆல்பர்ட் ரோகா, ஸ்வீடனின் ஹோகன் எரிக்சன், தென்கொரியாவின் லீ மின்-சுங். ரோகா பெங்களூரு அணியோடு இங்கேயே வேலை பார்த்தவர், நம் ஆட்டக்காரர்களைத் தெரிந்தவர். ஸ்டிமாக் 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர். (அந்த அரையிறுதியில் துராம் ரெண்டு கோல் அடித்து அவர்களை வெளியேற்றியதை காரைக்கால் பக்கம் இன்னமும் பேசுவார்கள்.) வேலை ஸ்டிமாக்குக்குப் போனது. ஐந்து வருஷம் இருந்தார். 2023-இல் சில கோப்பைகளும் வந்தன, அதே வருஷம் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2, ஜூனில் கத்தாரிடம் 1-2. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியே. ஜூன் 17 அன்று நீக்கம். கடைசியில் சமரசத் தொகையாக நாலு லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆளை எடுக்கும்போதே, அனுப்புவதாக இருந்தால் எப்படி, எவ்வளவு என்று தெளிவாக எழுதிக்கொள்ளாததற்கான விலை அது.

அடுத்த சுற்றுக்கு 291 பேர் விண்ணப்பித்தார்கள். நானும் ஆபீஸில் இன்டர்வியூ பேனலில் உட்காருகிறவன்தான். விண்ணப்பங்கள் குவிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆழமாகப் படிக்க நேரமிருக்காது, தெரிந்த பெயரைத் தேடும் கண். பெரிய கம்பெனிப் பெயரைப் பார்த்து நான் ஓகே சொன்ன ஒருவர் ஆறு மாதத்தில் மொத்த டீமையும் குழப்பிவிட்டுப் போனார். தப்பு அவர்மேல் இல்லை. எங்களுக்கு என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்பதையே நாங்கள் எழுதிவைத்திருக்கவில்லை.

291-இல் தேறியவர் மனோலோ மார்க்கேஸ். ஏற்கெனவே கோவா எஃப்சி-யின் கோச். ஒரு சீசன் முழுக்க ரெண்டு வேலையையும் சேர்த்தே பார்த்தார். எட்டு ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரியை நாற்பது வயதில் திரும்பக் கூப்பிடும் நிலைமை. 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் தோற்றபிறகு ஜூலையில் பிரிந்தார்கள்.

அப்புறம் நடந்தது முழு காமெடி. இந்த முறை 170 பேர். அதில் ஸ்பெயினின் ஷாவி ஹெர்னாண்டஸ் பெயரும் இருப்பதாகச் செய்தி வந்து, சம்பளம் கட்டுப்படியாகாது என்பதால் அவரை விட்டுவிட்டார்கள் என்றுகூட எழுதினார்கள். ரெண்டு நாளில் சம்மேளனமே, ஷாவி பெயரிலும் குவார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று அறிக்கை விட்டது. ஷாவி மெயிலை அனுப்பியது நான்தான் என்று வேலூரில் படிக்கும் ஒரு மாணவர் சொன்னார். நம்ம ஊர்ப் பையன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, மறைக்கவில்லை.

ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு மூன்று பேரை முன்வைத்தது: காலித் ஜமீல், கான்ஸ்டன்டைன், 2020 யூரோவுக்கு ஸ்லோவாக்கியாவைக் கொண்டுபோன டார்கோவிச். ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமீல். 2012-க்குப் பிறகு முழுநேரப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 2017-இல் மிசோரமின் ஐசால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அதற்கு முந்தைய சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்ட அணி அது. பட்ஜெட் இல்லாமல் வேலை பார்த்துக் காட்டியவர். சரியான தேர்வு என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வந்த வேகத்தில் மத்திய ஆசிய நாடுகள் நடத்திய போட்டியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாமிடம். அடுத்த மாதமே கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2, 2027 ஆசியக் கோப்பை கனவு காலி. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1, அவர்களிடம் 22 வருஷத்துக்குப் பிறகு தோல்வி. 'காலித்தைத் தூக்கு' கூட்டம் கிளம்பிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு சையத் அப்துல் ரஹீம் ஞாபகம் வருகிறார். 'மைதான்' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹைதராபாத் பள்ளி ஆசிரியர். 1943 முதல் சாகும்வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கச் செயலாளர். அவர் பயிற்சியில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பை ஜெயித்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம். மறு வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் என்ன ஸ்கோர் தெரியுமா? 1-10.

பத்து கோல்! இன்றைக்கு இது நடந்திருந்தால் விமானம் தரையிறங்குவதற்குள் அறிக்கை வந்திருக்கும். அன்று நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். தோல்விக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. ரஹீம் ஆட்ட அமைப்பையே மாற்றினார், நடு முன்கள ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தார். பெரிய போட்டிகளுக்கு அவரிடமே திரும்பி வந்தார்கள். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றோம், நெவில் டிசூசா ஹாட்ரிக். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 1-4. கடைசியில் நாலாமிடம். 1962 ஜகார்த்தாவில் புற்றுநோயோடு போனார். இறுதியாட்டத்தில் தலையில் அடிபட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் இறக்கினார். அவர் ஒரு கோல், பி.கே. பானர்ஜி ஒரு கோல், தென்கொரியாவை 2-1. அடுத்த ஜூனில் ரஹீம் காலமானார்.

கவனித்தீர்களா, ரஹீமுக்கும் மனோலோவுக்கும் ஒரே ஏற்பாடுதான்: ரெண்டு பேருமே இன்னொரு அணியை வைத்துக்கொண்டு நாட்டு அணியையும் நடத்தினார்கள். ஆனால் ரஹீம் இந்திய அணிக்குக் கூப்பிட்டவர்களில் பலர் அவர் கையிலேயே வளர்ந்த ஹைதராபாத் பையன்கள். மனோலோவுக்குக் கிடைத்ததோ சர்வதேச இடைவெளியில் பத்து நாள், பல கிளப்களிலிருந்து, பல பழக்கங்களோடு வந்த இருபத்துச் சொச்சம் பேர். பத்து நாளில் ஒருத்தர் பேரையும் நடையையும் பழகலாம், அவ்வளவுதான். ஆகவே 'யாரு கோச்?' என்று கேட்பதற்கு முன், 'எத்தனை நாள் பையன்களைக் கொடுப்பீங்க?' என்று கேட்கணும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது விண்ணப்பித்த 170 பேர் இல்லை, சம்மேளனமும் கிளப்களும்தான்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். 1-10 கதையை நம்பவே இல்லை. அப்புறம் அவரே ஜாக்கே கதையை ஆரம்பித்தார். 1994 உலகக் கோப்பைக்கே பிரான்ஸ் தகுதி பெறாத நேரத்தில் தற்காலிகமாக உட்காரவைத்தவர், 1998 வரை பத்திரிகைகள், முக்கியமாக லெக்கீப், கிழிகிழி என்று கிழித்தன, கடைசியில் கோப்பை. "அந்த வருஷம் நானும்தான்டா அந்த ஆளைத் திட்டுனேன்," என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, அந்த காலித்துக்கு எது வரைக்கும் கான்ட்ராக்ட்?" என்று கேட்டார்.