கோலாரின் பொன்னும் கழிவு மண்ணும்

நமது மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரைக்குச் சென்றவர்கள், கரிய மணல் தனியே படிந்து கிடப்பதைக் கண்டிருப்பர். இலேசான மணலை அலை அடித்துச் செல்லக் கனத்த மணல் தங்கிவிடுகின்றது. பொன்னரிப்போரின் பழைய உபாயமும் இதுவே. 1802 ஆம் ஆண்டு வாரன் என்னும் ஆங்கிலப் படையதிகாரிக்கு, மைசூர் நாட்டுக் கோலார்ப் பகுதிக் கிராமத்தவர் மண்ணை நீரில் அலசிப் பொன்னெடுத்துக் காட்டினர்.

ஆனால் பெரும் பொன் இருந்தது வெண்கற் பாறைக்குள். 1880 முதல் ஜோன் ரெயிலர் கம்பனியார் ஆழச் சுரங்கம் அகழ்ந்தனர். கல்லை இரும்புலக்கைகளால் இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் நீருடன் ஓடவிட்டனர். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். சூடாக்கினால் அது ஆவியாகிப் பொன் எஞ்சும். எனினும் நுண்ணிய பொன் கழிவு மண்ணோடு போயிற்று. 1887 இல் கிளாஸ்கோ நகரில் மக்காதர் என்பவரும் பொரெஸ்ற் சகோதரரும் கண்ட முறை இக்குறையைத் தீர்த்தது. நீர் சீனியைக் கரைப்பதுபோல், ஐதான சயனைட்டுக் கரைசல் காற்றின் துணையோடு பொன்னைக் கரைத்துவிடும். அதனைத் துத்தநாகச் சீவல்களூடே செலுத்தினால் பொன் கரும்பொடியாய் மீண்டும் படியும். கல்லூரியில் நஞ்சென்று அஞ்சிப் படித்த பொருளுக்கு இப்படியும் ஒரு தொழில்!

1902 இல் சிவசமுத்திரத்துக் காவேரி அருவியிலிருந்து 92 மைல் தூரம் கம்பிவழி மின்சாரம் கோலாருக்கு வந்தது. பெங்களூர் வீதிகளுக்கு அவ்வொளி கிட்டியது 1905 இலேதான்.

சுரங்கமோ 3,000 மீற்றருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறை தொட்டாற் சுடும். சிலவேளை அழுத்தந் தாளாது வெடித்து உயிர்களைக் கொள்ளும். அதனுள் இறங்கியோரிற் பெருந்தொகையினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். காற்றழுத்தத்தால் இயங்கிய துளைகருவி கையுளியிலும் பன்மடங்கு விரைவானது. கற்றூளையும் அவ்வளவு விரைவாகவே கிளப்பிற்று. அத்தூள் நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் நோயை விளைத்தது. நீர் பாய்ச்சித் தூளை அடக்கும் துளைகருவி 1890களிலே அமெரிக்காவில் தோன்றியிருந்தும், அரை நூற்றாண்டின் பின் 1940களில் மருத்துவர்கள் அங்கே ஆராய்ந்தபோது நோய் பரவலாக நிலவியது. கழிவில் எஞ்சிய அணுவளவு பொன்னைத் தேடுதற்குக் காட்டிய அவசரம், மூச்சுக் காற்றைக் காப்பதற்குக் காட்டப்படவில்லை என்றே யான் கருதுகின்றேன்.

2001 பெப்ரவரி 28 இல் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 தொன் பொன் போயிற்று. சயனைட்டு மேடுகள் நின்றன. காற்றடிக்கும் காலத்தில் அவற்றின் தூள் தொழிலாளர் லயன்களின்மேற் படிகின்றது. அம்மேடுகளில் இன்னும் பொன் உண்டு. அதனைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அரசு 2024 இல் இசைந்தது.