ஐம்பது சென்ட் புத்தகம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டினாங்க. "தம்பி, நீங்கதான் என்னென்னவோ எழுதறீங்களே, இவளுக்கு இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்." அவங்க பொண்ணு இங்கே நியூஜெர்சியில் பதினொண்ணாவது படிக்கிறாள். பொட்டி தட்டறவன்கிட்ட கணக்கு கேட்டா நியாயம். கட்டுரை கேட்டா? ஆனா அவங்க வீட்டு ஃபில்டர் காபியை நினைச்சுக்கிட்டு தலையாட்டிட்டேன் :-)

அவள் படிப்பது ஏ.பி. இங்கிலீஷ் லாங்க்வேஜ். பரீட்சையில் மூணு கட்டுரை, ரெண்டேகால் மணி நேரம். கொடுத்த ஆதாரங்களைத் தொகுத்து வாதம் செய்வது ஒண்ணு. சொந்தமா வாதம் செய்வது இன்னொண்ணு. நடுவில் இருப்பதுதான் வில்லன்: ரெட்டரிக்கல் அனாலிசிஸ். யாரோ எழுதியதையோ பேசியதையோ கொடுத்து, "இவர் கேட்பவர்களை எப்படி இணங்க வைக்கிறார்?" என்று கேட்பார்கள். மொத்தம் 6 மார்க். நம்ம நிலைப்பாட்டுக்கு 1, ஆதாரமும் விளக்கமும் 4, ஆழத்துக்கு 1.

பயிற்சிக்குக் கொடுத்திருந்தது பிரெடரிக் டக்ளஸ் 1852ல் நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் பேசிய சுதந்திர தினப் பேச்சு. நான் என் புத்தியைக் காட்டினேன். எக்ஸெல்ல மூணு காலம் போட்டு ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்று தலைப்பு வெச்சு, "ஒவ்வொரு வரியையும் எதாவது ஒரு டப்பாவில் போடு"ன்னேன். அவளும் சமர்த்தாப் போட்டாள். (தெரியாதவர்களுக்கு: பேசுறவர் மேல இருக்கும் நம்பிக்கை, கேட்கிறவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பிரிச்சு வெச்ச மூணு.)

அடுத்த வாரம் கட்டுரை திரும்பி வந்தது. அவள் எழுதியிருந்த முதல் பத்தி: டக்ளஸ் முன்னாள் அடிமை, அதனால் அடிமைமுறை பற்றி அவர் சொன்னதை மக்கள் நம்பினார்கள், இது ஈதோஸ். பக்கத்தில் டீச்சர் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: "நம்பினார்களா?"

"என்ன அங்கிள் இது? நீங்கதானே அப்படிப் போடச் சொன்னீங்க?" (அங்கிளாம். எனக்கு இன்னும் முப்பது ஆகலை.) பதில் தெரியலை. அன்னிக்கு ராத்திரி டக்ளஸின் சுயசரிதையை எடுத்து உட்கார்ந்தேன். மூணு நாள் தூக்கம் போச்சு. அந்தக் கதைதான் இது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1818 வாக்கில் மேரிலாந்தில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவன் பிரெடரிக் பெய்லி. பிறந்த தேதி அவனுக்கே தெரியாது. எட்டு வயசில் பால்டிமோரில் ஹ்யூ ஆல்ட் என்பவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். அந்த வீட்டு அம்மா சோஃபியா அதுவரை அடிமை வைத்துப் பழக்கமில்லாதவர். பையன் கேட்டதும் எழுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கிறார். புருஷனுக்குத் தெரிந்ததும் பிடித்தது வினை. படிக்கக் கற்றுக்கொண்ட அடிமை அதுக்கப்புறம் அடிமையா இருக்க லாயக்கில்லாமப் போயிடுவான், உடனே நிறுத்து என்று பையன் காதுபடவே சொல்கிறார்.

பின்னாளில் டக்ளஸ் இதை எப்படி நினைவுகூர்கிறார் தெரியுமா? தான் கேட்ட முதல் அடிமை எதிர்ப்புச் சொற்பொழிவே அதுதானாம்! எஜமானுக்கு எது பயமோ, அதுதான் தனக்கு வழி என்று அந்தச் சின்ன வயசிலேயே பிடித்துக்கொண்டான். எதிராளி வாயிலிருந்தே நம்ம வாதத்தை எடுப்பது. பின்னால் ஒரு பெரிய மேடையில் இதே வித்தை திரும்ப வரும், ஞாபகம் வெச்சுக்குங்க.

வீட்டில் பாடம் நின்றது. தெருவில் தொடர்ந்தது. வேலைக்குப் போகும்போது ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொண்டு போவான். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி; பதிலுக்கு அவர்கள் வார்த்தை சொல்லித் தரணும். எழுதக் கற்ற கதை இன்னும் சுவாரசியம். கப்பல் கட்டும் இடத்தில் மரத்துண்டுகள் மேல், அது கப்பலின் எந்தப் பக்கம் போகணும் என்று தச்சர்கள் ஒற்றை எழுத்து போட்டு வைப்பார்கள். அதைப் பார்த்து நாலு எழுத்து கற்றுக்கொண்டான். அப்புறம் பையன்களிடம், "உன்னைவிட நான் நல்லா எழுதுவேன், பார்க்கறியா?" என்று சவால் விட்டு, அவர்கள் எழுதிக் காட்டும் மற்ற எழுத்துகளையும் பிடித்துக்கொண்டான்.

பன்னிரண்டு, பதிமூணு வயசிருக்கும். அந்தப் பையன்கள் பள்ளிக்கூட விழாவில் ஒப்பிப்பதற்காக ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்யப் போவதாகப் பேசிக்கொண்டதைக் கேட்கிறான். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுச் சேர்த்த காசு கையில் இருந்தது. தேம்ஸ் தெருவில் நைட் என்பவர் கடையில் 50 சென்ட் கொடுத்து அதே புத்தகத்தை வாங்குகிறான். பெயர் 'கொலம்பியன் ஒரேட்டர்'.

அது ஒரு சாதாரணப் பள்ளிக்கூடப் புத்தகம். பாஸ்டன் ஆசிரியர் கேலப் பிங்ஹாம் 1797ல் தொகுத்தது. ஆரம்பத்தில் குரலை எப்படி ஏற்றி இறக்குவது, கையை எப்படி அசைப்பது என்று பாடம். அது முழுக்க சிசரோ, குவிண்டிலியன் காலத்துச் சரக்கு. அப்புறம் சொற்பொழிவுகள், உரையாடல்கள், குட்டி நாடகங்கள்.

இந்தச் சரக்கின் வயசு கொஞ்சநஞ்சமில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிரக்யூஸில் கொடுங்கோலர்கள் விரட்டப்பட்டதும், பறிபோன நிலத்தைத் திரும்பப் பெற ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த கோராக்ஸும் டிசியாஸும்தான் இந்தக் கலையின் முதல் வாத்தியார்கள் என்பது மரபு. அதாவது ஆரம்பமே நிலத்தகராறு! கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமில் குவிண்டிலியன் இதற்காகவே 12 புத்தகம் எழுதினார். கிரேக்கப் பள்ளிகளில் படிப்படியாக 14 பயிற்சிகள் உண்டு. ஒரு நீதிக்கதையைத் திரும்பச் சொல்வதில் ஆரம்பித்து, ஒரு சட்டம் வேணுமா வேண்டாமா என்று வாதாடுவதில் முடியும். அதுக்கே வருஷக்கணக்காகும். நானோ ஒரு சனிக்கிழமையில் முடிக்கப் பார்த்தேன்.

புத்தகத்துக்குத் திரும்புவோம். அதில் ஒரு எஜமானுக்கும் அடிமைக்கும் உரையாடல். அடிமை ஓடிப்போய் ரெண்டாவது தடவை மாட்டிக்கொண்டு நிற்கிறான். உனக்கு நான் எவ்வளவு நல்லது செஞ்சிருக்கேன், நன்றி கெட்டவனே என்கிறார் எஜமான். அடிமை ஒவ்வொரு வாதத்துக்கும் நிதானமாகப் பதில் சொல்கிறான். கடைசியில் எஜமான் வாதத்தில் தோற்று அவனை விடுதலை செய்கிறார். நிஜத்தில் நடக்குமா என்று தோணும். ஆனால் அந்தப் பையன் இடத்தில் இருந்து பாருங்க. அடிமை ஒருத்தன் பேசுகிறான், எஜமான் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார், அதுவும் அச்சில்! தன் மனசுக்குள் வார்த்தை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததுக்கு நாக்கு கிடைத்த மாதிரி இருந்தது என்கிற அர்த்தத்தில் டக்ளஸ் எழுதுகிறார். அதிலேயே அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் உரிமைக்கான பேச்சு ஒன்றும் உண்டு. டக்ளஸ் அதை ஷெரிடனின் பேச்சு என்றே கடைசிவரை நினைத்திருந்தார். உண்மையில் அது ஆர்தர் ஓ'கானர் 1795ல் ஐரிஷ் பார்லிமெண்டில் பேசியது.

ஒப்பிக்கப் போன வெள்ளைப் பையன்களும் இதையேதான் மனப்பாடம் செய்தார்கள். அவர்களுக்கு அது விழா நிகழ்ச்சி. இவனுக்கு?

இன்னொரு விஷயம். இந்தப் பையன் பதினேழு வயசு வாக்கில், 1835ல், தானே டியூஷன் வாத்தியார் ஆகிறான். ஃப்ரீலாண்ட் என்பவர் பண்ணையில் இருந்தபோது, சுதந்திரமான ஒரு கறுப்பர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரகசியப் பள்ளிக்கூடம். ஒரு கட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் படித்தார்கள், வயசானவர்கள் உட்பட. மாட்டினால் 39 சவுக்கடி. இதுக்கு முன்னால் வேறு இடத்தில் நடத்திய பள்ளியை ஒரு கும்பல் தடியோடு வந்து கலைத்திருந்தது. அது தெரிந்தும் வந்தார்கள். நானும் நீங்களும் டியூஷனுக்குக் கட் அடிச்ச கதையெல்லாம் இங்கே சொன்னால் அசிங்கம்.

1838 செப்டம்பர் 3ஆம் தேதி தப்பி வடக்கே போய்ச் சேர்கிறார். பெயரை டக்ளஸ் என்று மாற்றிக்கொள்கிறார். 1841 ஆகஸ்டில் நான்டக்கெட் தீவில் ஒரு கூட்டத்தில் நடுங்கிக்கொண்டே பேசுகிறார். அடிமை ஒழிப்பு இயக்கத்தார் கையோடு அவரைப் பேச்சாளராக எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் டீச்சரின் அந்த ஒற்றை வார்த்தைக் கேள்வி வருகிறது. நம்பினார்களா?

நம்பலை! இவ்வளவு அழகா இங்கிலீஷ் பேசுறவன் எப்படி அடிமையா இருந்திருப்பான், இவன் போலி என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. கூட இருந்த நண்பர்களே, நீ நடந்ததை மட்டும் சொல்லு, தத்துவத்தை நாங்க பார்த்துக்கறோம், பேச்சில் கொஞ்சம் தோட்டத்து வாடை இருந்தால் நல்லது என்று அறிவுரை சொன்னார்கள். யோசிச்சுப் பாருங்க. மோசமாப் பேசினால் கறுப்பனுக்கு அறிவில்லை. நல்லாப் பேசினால் இவன் அடிமையே இல்லை. ஈதோஸ் காலத்தில் டிக் அடிச்சுட்டுப் போற விஷயமா இது?

அவர் கண்டுபிடித்த வழி ஆபத்தானது. 1845ல் சுயசரிதை வெளியிட்டு, எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாம் வெளிப்படையாகப் போட்டார். பொய் என்றால் போய் விசாரிச்சுக்கோ. ஆனால் சட்டப்படி அவர் அப்போதும் ஆல்ட் குடும்பத்தின் சொத்து. பிடித்துக்கொண்டு போக விலாசம் கொடுத்த மாதிரி. அதே வருஷம் கப்பலேறி பிரிட்டனுக்குப் போனார். அங்கிருந்த நண்பர்கள் 150 பவுண்டு திரட்டி 1846ல் அவர் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். நம்பகத்தன்மைக்கு அவர் வைத்த பணயம் தன் உடம்பு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு 1852 பேச்சைத் திரும்பப் படித்தால் வேற மாதிரி இருக்கு. ஜூலை 4 அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை. இவர் பேசியது 5ஆம் தேதி, கொரிந்தியன் ஹாலில். அழைத்தது ரோச்செஸ்டர் பெண்களின் அடிமை ஒழிப்புச் சங்கம். ரெண்டு வருஷம் முன்னாடிதான், 1850ல், தப்பி ஓடியவர்களை வடக்கிலிருந்தும் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டம் வந்திருந்தது.

பேச்சை மெதுவாகத் தொடங்குகிறார். எனக்குப் பேசத் தகுதி குறைவு என்கிறார். நாட்டை நிறுவியவர்களைத் தாராளமாகப் புகழ்கிறார். ஆனால் புகழும்போதே அது உங்கள் சுதந்திரம், உங்கள் முன்னோர் என்றே சொல்லிக்கொண்டு போகிறார். தமிழில் நமக்கு 'நாம்' வேற, 'நாங்கள்' வேற. ஆளைச் சேர்த்தியா விட்டியா என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிஞ்சுடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. அதை அவர் 'உங்கள்' என்ற வார்த்தையை வெச்சே சாதிக்கிறார். கேட்கிறவர்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் கோடு விழுந்துவிடுகிறது. அப்புறம்தான் அந்தக் கேள்வி: இந்த நாள் அடிமைக்கு என்ன?

அடுத்து லோகோஸ் டப்பாவில் நான் போடச் சொன்ன இடம். அடிமையும் மனிதன்தான் என்று நான் நிரூபிக்கணுமா என்று கேட்கிறார். தேவையில்லை, நீங்களே ஒத்துக்கொண்டாச்சு என்கிறார். வர்ஜீனியாவில் கறுப்பன் செய்தால் மரண தண்டனை என்று 72 குற்றங்கள், வெள்ளைக்காரனுக்கு அதில் ரெண்டுதான். பொறுப்புள்ள மனிதன் இல்லை என்றால் எதுக்குத் தண்டனை? அவனுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரக் கூடாது என்று தெற்கில் சட்டம் போடுகிறீர்களே, மாட்டுக்கு அப்படி யாராவது சட்டம் போடுவார்களா? ஹ்யூ ஆல்ட் வீட்டில் எட்டு வயசுப் பையன் பிடித்த அதே நூல்.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். எக்ஸெல் ஷீட்டை அழிச்சாச்சு. பதிலுக்கு மூணே கேள்வி: எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அவர்கள் ஏற்கெனவே எதை நம்பினார்கள்? இந்த வரியை முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்போ அவர் முதல்ல புகழ்ந்தது பொய்யா அங்கிள்?"

எனக்குப் பொய்யாத் தோணலை. அந்த முன்னோர்கள் சொன்னதை அவர் நிஜமாவே நம்பினார், கேட்கிறவர்களைவிட அதிகமா. அரசியல் சாசனம் சரியாப் படித்தால் விடுதலைக்கான ஆவணம் என்று அதே பேச்சின் கடைசியில் சொல்கிறார். ஆனால் இதை அவளிடம் சொல்லலை. "அதைத்தான் நீ எழுதணும்"னு சொல்லிட்டு காபியைக் குடிச்சேன். எழுதிட்டிருக்கா. மார்க் வந்ததும் சொல்றேன்.

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் மிச்சம். நானும் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு மேடையேறிக் கப் வாங்கினவன்தான். அப்பா எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன். எதைப் பற்றிப் பேசினேன் என்று இப்போ சத்தியமா ஞாபகம் இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: அக்கா வீட்டு காபிக்காக இன்னொரு கட்டுரை ஒப்புக்கொண்டிருக்கேன். அது சொந்த வாதமாம். ஆண்டவா!