கூழ்ப்பானைக்காரரும் ‘சைவ மரபணு’வும்

யாழ்ப்பாணத்தை அடுத்த அனலைதீவின் சைவ வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை மச்சம் காய்ச்சுவதில்லை. மறுநாள் ஒடியல் கூழ் வைத்தால் மீன், நண்டு, இறால் என்று கடலில் பாதி பானைக்குள் விழும். இப்படிச் சாப்பிட்டு வந்தவர்களின் இனத்தவரும் 2016இல் ‘சைவ மரபணு’ என்று பேர்பெற்ற ஓர் ஆய்வின் கணக்கில் சேர்ந்தார்கள்.

ஃபாட்ஸ்2 என்ற அந்த மரபணு 11ஆம் நிறப்புரியில் இருக்கிறது. எண்ணெயிலும் தானியத்திலும் உள்ள குறுங்கொழுப்பை, மூளைக்கு வேண்டிய நெடுங்கொழுப்பாக நீட்டும் வேலையில் இதற்கும் பக்கத்து ஃபாட்ஸ்1க்கும் பங்குண்டு. ஃபாட்ஸ்2இல் 22 எழுத்துள்ள ஒரு துண்டு சிலரிடம் இருக்கும், சிலரிடம் இராது. இருந்தால் நீட்டும் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் துண்டைப் பெற்றவர்கள் தெற்காசியரில் 70 சதவீதம், ஆப்பிரிக்கரில் 53, கிழக்காசியரில் 29, ஐரோப்பியரில் 17 என்று கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். மீனும் சீலும் தின்று வாழ்ந்த கிரீன்லாந்து இனுயிட்டுகளிடம் நிலைமை தலைகீழ். நெடுங்கொழுப்பு கடலிலிருந்தே ஆயத்தமாகக் கிடைத்தது. உடல் மினக்கெட வேண்டியிருக்கவில்லை.

ஈழத்தமிழர் இந்தக் கணக்கில் சேர்ந்த வழி யாழ்ப்பாணம் அல்ல, பிரித்தானியா. அந்தச் சதவீதங்களுக்குத் தரவு தந்த, 2008இல் தொடங்கிய ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 2015இல் முடிந்தபோது 26 மக்கட்குழுக்களின் 2,504 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். பொதுவில் வைத்த தரவில் அவர்களுக்குப் பேருமில்லை, ஊருமில்லை. தீவகத்திலிருந்து போனவரும் வன்னியிலிருந்து போனவரும் அங்கே ஒரே குழு.

‘சைவம்’ என்ற பட்டம் கொஞ்சம் அவசரம்தான். கோர்னெல் ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்த 234 இந்தியர்கள் பெரும்பாலும் மரக்கறி உண்பவர்கள், சரி. ஆனால் 53 சதவீத ஆப்பிரிக்கரை எந்தச் சைவத்தில் சேர்ப்பது?

2018இல் வந்த பழங்கால மரபணு ஆய்வு இன்னும் குழப்பியது. வேகமாக நீட்டும் மரபணு வடிவம் சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன் உழவரோடு ஐரோப்பாவுக்குள் வந்தது. ஆனாலும் அது அங்கே வலுவாகப் பெருகத் தொடங்கியது வெகுகாலம் கழித்து, ஒருவேளை வெண்கலக் காலத்தில். ஏர் வந்ததும் மரபணு மாறியது என்ற நேர்க்கோட்டுக் கதை அத்தோடு அடிபட்டது.

கோர்னெல் ஆய்வாளர்களின் எச்சரிக்கை எண்ணெயைப் பற்றியது. சூரியகாந்தி போன்ற எண்ணெய்களில் நிறைந்த ஒமேகா-6 கொழுப்பை, துண்டு உள்ளவர் உடல் விரைவாக அராகிடோனிக் அமிலமாக்கும். அது மிஞ்சினால் அழற்சி கூடும். நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இதே ஒமேகா-6தான். தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. ஒமேகா-6ஐ ஈடுகட்டும் ஒமேகா-3 ஆயத்தமாகக் கிடைப்பது, கூழ்ப்பானைக்குள் போகும் மீனில்.