பூர்வகுடித் தன்னாட்சியும் கடல் காற்றாலைகளும் (அமெரிக்கப் பசிபிக் கரை)

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடல் காற்றாலைத் திட்டங்கள் எதிர்கொண்ட அழுத்தமான கேள்விகள் சிலவற்றை எழுப்பியவை பூர்வகுடி அரசுகள். கூட்டாட்சி அங்கீகாரம் பெற்ற பழங்குடிகள் அந்நாட்டுச் சட்டப்படி தமக்கெனப் பேரவை அமைத்து ஆளும் தன்னாட்சி அரசுகள். பல பழங்குடிகளுக்குச் சொந்த நீதிமன்றமும் உண்டு. ஆனால் அந்த ஆட்சி பெரும்பாலும் நிலத்தோடு நின்றுவிடுகிறது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலுள்ள கடற்படுகையைக் குத்தகைக்கு விடுவது கூட்டாட்சி அரசு. பழங்குடிகளை அது கலந்தாலோசிக்க வேண்டும். ஒப்புதல் பெற வேண்டிய கட்டாயமில்லை. பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஓரிகன் மாநிலத்தின் கூஸ், கீழ் அம்ப்குவா, சையூஸ்லா பழங்குடிகளின் கூட்டமைப்புக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1855-இல் இவர்களோடு எழுதிய ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் ஏற்கவே இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களின் அங்கீகாரத்தையே பறித்தது. அது திரும்பக் கிடைத்தது 1984-இல். மூதாதையர் மீன்பிடித்த கடலில் கூஸ் பே, புரூக்கிங்ஸ் என்னும் இரு பகுதிகளை, மொத்தம் ஏறத்தாழ 1,95,000 ஏக்கரை, 2024 அக்டோபர் 15 அன்று ஏலம் விட அரசு நாள் குறித்தது. செப்டம்பரில் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. மீன்வளத்துக்கும் பண்பாட்டு இடங்களுக்கும் நேரக்கூடிய பாதிப்பைச் சரிவர ஆராயாமல் ஏலத்துக்கு விரைகிறார்கள் என்பது அதன் முறையீடு. அம்மாத இறுதியில் ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. போதிய நிறுவனங்கள் முன்வரவில்லை என்று அரசு காரணம் சொன்னது. ஏலத்தை நிறுத்துமாறு ஆளுநர் டீனா கோடெக்கும் எழுதியிருந்தார். ஆகவே வழக்கு மட்டுமே அதை நிறுத்தியது என்று கொள்வது சரியாகாது.

கலிஃபோர்னியாவில் ஏலம் முந்திக்கொண்டது. 2022 டிசம்பரில் ஐந்து கடற்பகுதிகள் சுமார் 75.7 கோடி டாலருக்குப் போயின; இரண்டு ஹம்போல்ட் கரைக்கு அப்பால், மூன்று மோரோ பே பக்கம். அங்கே கடல் சட்டென ஆழமாவதால் கடலடியில் தூண் நாட்ட வழியில்லை. காற்றாலைகள் மிதக்க வேண்டும், அவற்றைத் துறைமுகத்தில் பூட்டிக் கடலுக்கு இழுத்துச் செல்ல வேண்டும். எனவே சுமை கரையிலும் விழுகிறது. திட்டத்தை எதிர்க்கும் யூரோக் பழங்குடிகளின் கவலை சால்மன் மீனோடும் புனித மலைகளிலிருந்து தெரியும் அடிவானத்தோடும் முடியவில்லை. வெளியூர்த் தொழிலாளர்கள் திரளும்போது தம் பெண்களின் பாதுகாப்பு என்னவாகும் என்றும் கேட்கிறார்கள். பூர்வகுடிப் பெண்கள் காணாமல் போவதும் கொல்லப்படுவதும் நெடுநாள் துயரமாகிவிட்ட ஊர்களில் இது மிகையான அச்சம் அல்ல.

தெற்கே வட சுமாஷ் பழங்குடிப் பேரவை வேறு வழியில் சென்றது. கூட்டாட்சி அங்கீகாரம் இல்லாத இப்பேரவை 2015-இல் முன்மொழிந்த கடல் சரணாலயம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,543 சதுர மைல். மோரோ பே காற்றாலைகளின் மின்வடங்கள் கரையேற வழிவிட்டு அதன் வட எல்லை சுருக்கப்பட்டது. சுமாஷ் மக்கள் புனிதமாகப் போற்றும் மோரோ பாறை எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.